வீட்டு விலையில் பள்ளியின் பங்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் முதல் வீடு வாங்கப் புறப்படும் இளந்தம்பதிகள், கூரையின் வயதையும் சமையலறையின் விஸ்தீரணத்தையும் விசாரிப்பதற்கு முன்பாகவே, அந்த வீடு எந்தப் பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தது என்று விசாரிக்கிறார்கள். நியூ ஜெர்ஸியின் எடிசனிலோ, கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டிலோ, டெக்ஸாஸின் ஃப்ரிஸ்கோவிலோ குடியேறியிருக்கும் நம்மவர் குடும்பங்களோடு இரண்டு நாள் தங்கியிருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அங்கே ஊரின் பெயருக்கு அடுத்தபடியாகப் பேச்சில் வருவது பள்ளியின் ரேட்டிங்தான். பொதுப் பள்ளியில் சேரக் கட்டணம் எதுவும் இல்லாத தேசம் அது. ஆனால் குடியிருக்கும் முகவரியே பள்ளியை நிர்ணயிப்பதால், ஒரே கட்டடக்காரர் ஒரே வருஷத்தில் ஒரே மாதிரியாகக் கட்டிய இரண்டு வீடுகள், இடையிலுள்ள தெருவின் வழியே பள்ளி எல்லைக் கோடு செல்கிறது என்ற ஒரே காரணத்தால், வெவ்வேறு விலைக்கு விற்பனையாகின்றன.

உத்தியோகத்தில் அமர்ந்து நான்கைந்து ஆண்டுகளே ஆன ஒருவர், குழந்தை இன்னும் தொட்டிலில் கிடக்கும்போதோ, பிறப்பதற்கு முன்போ, முப்பது வருஷக் கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டு அந்த அதிக விலையைக் கொடுக்கும்போது, உண்மையில் எதை வாங்குகிறார் என்பதே நான் ஆராய விரும்பும் விஷயம். கிடைத்திருக்கும் ஆராய்ச்சிகளை வைத்துப் பார்த்தால், அந்த அதிக விலையில் பெரும்பகுதி பள்ளியின் போதனைக்காக அன்றி, அங்கே முன்பே குடியிருப்பவர்களின் வருமானத்துக்கும் படிப்புக்குமாகக் கொடுக்கப்படுகிறது என்றும், ஆதலால் வாழ்க்கையின் தொடக்கத்தில் இருப்பவர்கள் அதைக் கடன்பட்டு அவசரமாக வாங்கவேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை என்றும் நான் அபிப்பிராயப்படுகிறேன். இதற்கு மாறான சாட்சியங்களும் உண்டு. அவற்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

இந்த ஏற்பாடு எவ்வாறு உண்டாயிற்று என்பதை முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் பள்ளிக் கல்வி மத்திய சர்க்காரின் நேர்ப் பொறுப்பாக எக்காலத்திலும் இருந்ததில்லை. ஊர்மக்களே தமக்குத் தாமே வரி விதித்துக்கொண்டு, கட்டடம் எழுப்பி, ஆசிரியரை நியமித்து நடத்திய கிராமப் பள்ளிகளிலிருந்து வளர்ந்த ஸ்தாபனம் அது. 1939-40ஆம் ஆண்டில் அந்நாட்டில் 1,17,000க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இருந்தன. அவை ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு இன்று ஏறத்தாழ 13,000 ஆகக் குறைந்துவிட்டபோதிலும், தன் எல்லைக்குள் உள்ள வீடுகளின்மீதும் நிலங்களின்மீதும் விதிக்கப்படும் சொத்து வரியைக்கொண்டு பள்ளி நடத்துவது என்ற பழைய முறை மட்டும் மாறவில்லை. தேசத்தின் மொத்தப் பள்ளி வருவாயில் ஏறத்தாழ 45 சதவீதம் இன்றும் உள்ளூரிலிருந்தே திரட்டப்படுகிறது.

அம்முறையின் விளைவு, டெக்ஸாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரத்தில் எல்லாருக்கும் பிரத்தியட்சமாயிற்று. எட்ஜ்வுட் என்ற ஏழை மாவட்டத்தில் மாணவர் ஒருவருக்கு 5,960 டாலர் மதிப்புள்ள சொத்தே வரிக்குக் கிடைத்தது; அதே நகரத்தின் அலமோ ஹைட்ஸில் அது 49,000 டாலருக்கு மேல். எட்ஜ்வுட் மக்கள் நூறு டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வீதம் வரி செலுத்தியும் மாணவருக்கு 26 டாலர்தான் கூடுதலாகத் திரட்ட முடிந்தது. அலமோ ஹைட்ஸ் மக்களோ 0.85 டாலர் வீதமே செலுத்தி 333 டாலர் திரட்டினார்கள். எட்ஜ்வுட் பெற்றோரில் ஒருவரான தகரத் தொழிலாளி டெமெட்ரியோ ராட்ரிகஸ் தொடுத்த வழக்கில், 1973இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், இந்த ஏற்றத்தாழ்வு மத்திய அரசியல் சாசனத்துக்கு விரோதமானதன்று எனத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே டெட்ராய்ட் வழக்கில், அதே ஐந்துக்கு நான்கு கணக்கில், நகரத்தையும் அதன் புறநகர் மாவட்டங்களையும் சேர்த்துக் கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் கலந்து படிக்கவைக்கும் திட்டம் நிராகரிக்கப்பட்டது. பிற்பாடு பல மாநிலங்கள் தத்தம் சாசனங்களின்படி நிதியை ஓரளவு சமன்செய்துவிட்டன. ஆயினும் மாவட்டத்தின் எல்லைக்கோட்டை நீதிமன்றங்கள் எளிதில் தாண்டமாட்டா என்ற நம்பிக்கை அந்த இரண்டு தீர்ப்புகளால் ஸ்திரப்பட்டது. வீடு வாங்குவோர் விலை கொடுப்பது அந்த நம்பிக்கைக்கும் சேர்த்துத்தான்.

விலை எவ்வளவு என்பதை ஜானதன் ராத்வெல் 2012இல் ப்ரூக்கிங்ஸ் நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கை காட்டுகிறது. நாட்டின் நூறு பெரிய நகர்ப்பகுதிகளில், அதிக மதிப்பெண் எடுக்கும் பள்ளியின் அருகில் குடியிருக்க ஆகும் செலவு, குறைந்த மதிப்பெண் எடுக்கும் பள்ளியின் அருகில் ஆகும் செலவைப்போல் 2.4 மடங்கு என்று அவர் கணக்கிட்டார். வருஷத்துக்கு ஏறத்தாழ 11,000 டாலர் வித்தியாசம். மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர்கள் இந்தத் தொகை முழுவதையும் பள்ளியின் விலையென்றே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் நல்ல பள்ளி இருக்கும் இடத்தில் பெரிய வீடுகளும், அகலமான தெருக்களும், பூங்காவும், குற்றக் குறைவும் கூடவே இருப்பதால், பள்ளிக்கு உரியது எது, மற்றவற்றுக்கு உரியது எது என்று பிரித்தறிவது கடினம்.

அப்படிப் பிரித்தறிய ஓர் உபாயத்தைக் கண்டுபிடித்தவர் சாண்ட்ரா பிளாக் என்ற பொருளியல் அறிஞர். 1999இல் வெளிவந்த தம் கட்டுரையில், பாஸ்டன் நகரத்தின் புறநகர்களில், ஒரே மாவட்டத்துக்குள் இருந்துகொண்டு வெவ்வேறு ஆரம்பப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பகுதிகளை அவர் எடுத்துக்கொண்டார். எல்லைக் கோட்டின் இருபுறமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீடுகளுக்கு வரி ஒன்று, நகராட்சி ஒன்று, கடைவீதி ஒன்று, உயர்நிலைப் பள்ளியும் பெரும்பாலும் ஒன்று. ஆரம்பப் பள்ளி மட்டுமே வேறு. ஆகையால் அங்கே விலையில் தோன்றும் வித்தியாசத்தை அந்தப் பள்ளியின் கணக்கில் எழுதலாம். பள்ளியின் சராசரி மதிப்பெண் 5 சதவீதம் உயர்ந்தால் பெற்றோர் 2.5 சதவீதம் அதிக விலை தருகிறார்கள் என்பது அவர் கண்ட முடிவு. இது பழைய முறையில் போட்ட கணக்குகளில் வந்ததில் ஏறத்தாழப் பாதிதான்.

எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, பேட்ரிக் பேயர், ஃபெர்னாண்டோ ஃபெரேரா, ராபர்ட் மக்மில்லன் ஆகிய மூவரும் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியை ஆராய்ந்து, இன்னும் ஒரு படி ஆழமாகச் சென்றார்கள். எல்லைக் கோட்டின் இருபுறமும் வீடுகள் ஒத்திருந்தாலும், அவற்றில் குடியிருப்பவர்கள் ஒத்திருப்பதில்லை என்பதை அவர்கள் கவனித்தார்கள். கோடு ஒன்று போடப்பட்டுவிட்டால், அதிக விலை கொடுக்க வல்ல, அதிகம் படித்த குடும்பங்கள் மெல்ல மெல்ல ஒரு பக்கமாகச் சேர்ந்துவிடுகின்றன. சில ஆண்டுகளுக்குப் பின் வீடு வாங்க வருபவர், பள்ளியை மட்டுமன்றி அந்த அண்டைவீட்டாரையும் சேர்த்தே விலைபேசுகிறார். அண்டைவீட்டாரின் வருமானத்தையும் கல்வியையும் கணக்கில் கொண்டு பார்த்தபோது, பள்ளி மதிப்பெண்ணில் 5 சதவீத உயர்வுக்கு மக்கள் தரும் கூடுதல் விலை ஒரு சதவீதத்துக்கும் குறைவாகப் போயிற்று. புறத்தோற்றத்தில் பள்ளியின் விலையாகத் தெரிந்ததில் பெரும்பகுதி, அதற்குள் கலந்து நின்ற பிறவற்றின் விலையென்று இந்த இரண்டு ஆராய்ச்சிகளையும் சேர்த்துப் படிக்கும்போது விளங்குகிறது.

நல்ல குடும்பங்களின் நடுவே வாழ விரும்புவது தவறா என்று ஒருவர் கேட்கலாம். தவறு என்று நான் சொல்லவில்லை. அந்த விருப்பத்தைப் பள்ளியின் தரம் என்ற பெயரில் விலைகொடுத்து வாங்கும்போது, நம் குழந்தையின் படிப்பு அதனால் எவ்வளவு உயரும் என்பதைப்பற்றி நாம் மிகையான நம்பிக்கை கொண்டுவிடுகிறோம் என்றே சொல்கிறேன். 1966இல் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில், ஏறத்தாழ 4,000 பள்ளிகளையும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களையும் ஆராய்ந்து வெளியிடப்பட்ட அறிக்கையே, மாணவர்களுக்கிடையே தேர்ச்சியில் காணப்படும் வித்தியாசத்துக்குக் குடும்பச் சூழ்நிலைதான் பள்ளியின் வசதிகளைவிடப் பெரிய காரணம் என்று கூறிவிட்டது. அறுபது ஆண்டுகளாக அந்த அறிக்கையைப்பற்றி விவாதம் நடந்திருக்கிறது. ஆசிரியருக்கு ஆசிரியர் பெரிய வேறுபாடு உண்டு என்பதும், அந்த வேறுபாட்டில் மிகுதியான பங்கு பள்ளிக்குப் பள்ளி இருப்பதைக்காட்டிலும் ஒரே பள்ளியின் வகுப்புகளுக்குள்ளேயே இருக்கிறது என்பதும் பின்னர் நிரூபணமாயின. ஆனால் ஒரு பள்ளியின் சராசரி மதிப்பெண், அங்கே கல்வி எப்படி என்பதைவிட, அங்கே வருகிறவர்கள் யார் என்பதையே அதிகமாகக் காட்டுகிறது என்ற மூலக் கருத்தை எவரும் தகர்க்கவில்லை.

இதற்கு மிகவும் கூர்மையான பரீட்சை ஒன்று பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் நடந்திருக்கிறது. 1635இல் தோன்றிய பாஸ்டன் லத்தீன் பள்ளி, நியூயார்க்கின் ஸ்டைவசன்ட் முதலிய பொதுப் பள்ளிகளில் நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேரவேண்டும். தேர்வில் ஒரு மயிரிழையில் தேறியவர்களும் ஒரு மயிரிழையில் தவறியவர்களும் அறிவிலும் குடும்ப நிலையிலும் ஏறத்தாழச் சமமானவர்கள். தேறியவர்களுக்கு மட்டும் மிகச் சிறந்த சகமாணவர்கள் வாய்க்கிறார்கள். அப்துல்கதிரோக்ளு, ஆங்க்ரிஸ்ட், பாத்தக் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, பிற்காலத் தேர்வு மதிப்பெண்களில் இவ்விரு சாராருக்குமிடையே சொல்லத்தக்க வித்தியாசம் ஏற்படவில்லை. அவர்களுள் இருவர் வேறிருவரோடு சேர்ந்து 2020இல் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியில், நியூயார்க் நகரத்துப் பெற்றோர் உயர்நிலைப் பள்ளிகளை வரிசைப்படுத்தும் முறையை ஆராய்ந்து, அவர்கள் நாடுவது சகமாணவர்களின் தரத்தையே என்றும், அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் பள்ளியின் போதனா சக்திக்கும் பெற்றோரின் விருப்பத்துக்கும் சம்பந்தம் காணப்படவில்லை என்றும் கண்டார்கள். இந்த முடிவைப் படிக்கும்போது எனக்கு மனம் கனத்துப்போகிறது. ஏனெனில், ஏழைப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு அவர்களை வேகமாக முன்னேற்றுகிற பள்ளிகள் இருந்தும், அவற்றின் உழைப்புக்கு வீட்டுச் சந்தையில் மதிப்பில்லை என்று இதனால் ஏற்படுகிறது.

அத்தகைய பள்ளிகள் கற்பனையல்ல. சிகாகோ நகரத்துப் பொதுப் பள்ளிகளின் சராசரி மதிப்பெண்ணைப் பார்த்து அங்கிருந்து விலகிப்போன குடும்பங்கள் எத்தனையோ. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் அதே நகரத்தின் மாணவர்களை 2009 முதல் 2014 வரை வகுப்பு வகுப்பாகத் தொடர்ந்து பார்த்தபோது, மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குப் போகும் ஐந்து ஆண்டுகளில் அவர்கள் சராசரியாக ஆறு ஆண்டுக் கல்வியைப் பெற்றிருந்தார்கள் என்று தெரியவந்தது. சராசரியைப் பார்ப்பவருக்குக் கீழ்த்தரமாகத் தோன்றும் மாவட்டம், வளர்ச்சியைப் பார்ப்பவருக்கு நாட்டின் முன்வரிசையில் நிற்கிறது. ஒன்றுமுதல் பத்துவரை எண் கொடுத்துப் பள்ளிகளை மதிப்பிடும் கிரேட்ஸ்கூல்ஸ் நிறுவனமும் 2017இலும் 2020இலும் தன் முறையைத் திருத்தி, மாணவர் வளர்ச்சிக்கு இடம் கொடுத்தது. ஆனால் வீட்டு விளம்பரத்தில் கண்ணுக்குப் படுவது ஒற்றை எண்தான். அதற்குள் எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பவர் சிலரே.

இனி, வாங்குபவரின் வயதுக்கு வருவோம். அமெரிக்காவில் குழந்தை ஐந்து வயதில் மழலையர் வகுப்பில் சேர்கிறது. பிறந்த குழந்தையோடு வீடு வாங்குபவர், ஐந்தாண்டு கழித்துத் தொடங்கப்போகும் ஒரு சௌகரியத்துக்கு இன்றே விலை கொடுக்கிறார். பள்ளியின்பொருட்டு ஒரு லட்சம் டாலர் கூடுதலாகக் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். அதை ஆறரை சதவீத வட்டியில் முப்பது வருஷக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 632 டாலர்; நியூ ஜெர்ஸியைப்போல் இரண்டு சதவீத அளவில் சொத்து வரி இருக்கும் இடமானால் அதற்கும் மாதம் 167 டாலர் சேரும். மாதம் ஏறத்தாழ 800 டாலர் வீதம் ஐந்தாண்டில் 48,000 டாலர், பள்ளியின் வாசலைக் குழந்தை மிதிப்பதற்கு முன்பே செலவாகிவிடுகிறது. அதில் அசலில் கழிவது ஏறத்தாழ 6,400 டாலர்தான். முப்பது வருஷக் கடனில் முதல் சில ஆண்டுகளின் தவணை பெரும்பாலும் வட்டிக்கே போகும் என்பது எல்லாரும் அறிந்ததே. ஆனாலும் தொகையாகப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

அந்த ஐந்தாண்டுக்குள் பள்ளியும் அப்படியே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஃப்ளோரிடா மாநிலம் 1999 முதல் பள்ளிகளுக்கு வெளிப்படையாகத் தரவரிசை எழுத்து வழங்கத் தொடங்கியபோது, முதல் எழுத்து கிடைத்த பள்ளிகளைச் சுற்றி வீட்டு விலை உடனே உயர்ந்தது. ஆனால் எழுத்துகள் வருஷத்துக்கு வருஷம் மேலும் கீழுமாக மாறுவதைக் கண்ட பிறகு, அந்த உயர்வு நாளடைவில் தணிந்துவிட்டது என்று டேவிட் ஃபிக்லியோவும் மாரிஸ் லூகஸும் காட்டியிருக்கிறார்கள். சிறிய பள்ளியில் ஒரு வகுப்புக்கு அறுபது பிள்ளைகள் என்றால், அவர்களில் நாலைந்து பேர் மாறினாலே சராசரி ஆடிப்போகும். எல்லைக் கோடும் நிரந்தரமன்று. மேரிலாந்தின் ஹோவர்ட் கவுண்டியில் 2019 நவம்பரில், நெரிசலைக் குறைக்கவும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் சில பள்ளிகளிலேயே குவிந்திருப்பதை மாற்றவும் எல்லைகள் திருத்தப்பட்டபோது, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் வேறு பள்ளிக்கு மாற்றப்பட்டார்கள். குறிப்பிட்ட பள்ளிக்கென்றே விலை கொடுத்திருந்த பெற்றோர் எதிர்த்துக் கூட்டம் கூட்டினார்கள். அவர்கள் வேதனை எனக்குப் புரிகிறது. எனினும் அவர்கள் வாங்கிய பத்திரத்தில் பள்ளியின் பெயர் எழுதப்பட்டிருக்கவில்லை.

உத்தியோகத்தின் தொடக்க காலம் மனிதன் இடம் மாறவேண்டிய காலம். 1956இல் சார்லஸ் டீபோ என்ற பொருளியல் அறிஞர், மக்கள் தங்களுக்கு ஏற்ற வரியும் வசதியும் உள்ள ஊரைத் தேடிக் குடிபெயர்வதன்மூலமே தம் விருப்பத்தைத் தெரிவிக்கிறார்கள் என்ற பிரசித்தமான சித்தாந்தத்தை வெளியிட்டார். குடிபெயர்வதற்குத் தடையோ செலவோ இல்லை என்ற அனுமானத்தின்மேல் எழுந்தது அது. வாடகைக் குடித்தனக்காரருக்கு அந்த அனுமானம் ஓரளவு பொருந்தும். வீட்டுச் சொந்தக்காரருக்கோ, விற்கும்போது தரகுக்கு மட்டும் விலையில் ஐந்தாறு சதவீதம் கொடுப்பது நெடுங்கால வழக்கமாக இருந்துவந்திருக்கிறது. நான்கு லட்சம் டாலர் கடனை ஆறரை சதவீத வட்டியில் வாங்கி ஐந்தாண்டு தவறாமல் கட்டியவர், ஒன்றரை லட்சத்துக்குமேல் செலுத்தியும் அசலில் 26,000 டாலருக்குச் சற்றுக் குறைவாகவே தீர்த்திருப்பார். விலை ஏறாத காலத்தில் வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தால், அதை ஏற்கவும் முடியாமல் விடவும் முடியாமல் தவிப்பார்.

நம்மவர்களில் பலருக்கு இதில் இன்னொரு கஷ்டமும் உண்டு. எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர் வேலை இழந்தால், 2017 ஜனவரியில் அமலுக்கு வந்த விதியின்படி, அறுபது நாள்வரையே மறுவேலை தேட அவகாசம். நிரந்தர வசிப்புரிமைக்கான விசாக்களில் எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்குமேல் கிடையாது என்ற வரம்பினால், இந்தியாவில் பிறந்தவர்கள் அந்த நிலையிலேயே பல ஆண்டுகள் காத்திருக்கிறார்கள். அறுபது நாளில் ஊரையோ நாட்டையோ விட நேரக்கூடிய ஒருவர், பள்ளியின் பேரில் சம்பளத்தின் எல்லைவரை கடன்படுவதை நான் அச்சத்தோடுதான் பார்க்கிறேன். விசாக் கவலையற்ற அமெரிக்கக் குடும்பங்களுக்கே இது ஆபத்தானது என்று எலிசபெத் வாரனும் அவருடைய மகள் அமீலியா வாரன் தியாகியும் 2003இல் எழுதிய ‘இரு வருமானப் பொறி’ என்ற பொருள்படும் நூலில் வாதித்தார்கள்: நல்ல பள்ளி மாவட்டத்தில் இடம்பிடிக்கப் பெற்றோர் போட்டியிட்டு விலையை உயர்த்திக்கொண்டே போனதால், மனைவியின் சம்பளமும் வீட்டுக் கடனுக்குள் அடங்கிப்போய், முன்பு கஷ்டகாலத்துக்குக் கைகொடுத்த இரண்டாவது கை இல்லாமலே போயிற்று என்பது அவர்கள் வாதம்.

எதிர்ப்பக்கத்தில் நிற்கும் இரண்டு வாதங்களை இப்போது கருதவேண்டும். முதலாவது, பள்ளிக்காகக் கொடுத்த அதிக விலை, விற்கும்போது திரும்பக் கிடைக்குமல்லவா என்பது. பெரும்பாலும் கிடைக்கும், பள்ளியின் பெயர் நிலைத்திருக்கும்வரை அடுத்து வருபவரும் அதைக் கொடுப்பார். ஆனால் வட்டியும் வரியும் திரும்பி வருவதில்லை. இளமையில் சேமிப்பு முழுவதையும் ஒரே வீட்டில், அதுவும் தன் வேலை இருக்கும் அதே ஊரில் முடக்குபவர், அந்த ஊரின் தொழில் சரிந்தால் சம்பளத்தையும் வீட்டு மதிப்பையும் ஒரே சமயத்தில் இழக்க நேரும்.

இரண்டாவது வாதம் கனமானது. 1990களில் பாஸ்டன், நியூயார்க் முதலிய ஐந்து நகரங்களில், கடும் வறுமை சூழ்ந்த அரசாங்கக் குடியிருப்புகளிலிருந்து வறுமை குறைந்த இடங்களுக்குச் செல்லச் சில குடும்பங்களுக்குச் சீட்டுக் குலுக்கி உதவி தரப்பட்டது. அந்தக் குழந்தைகள் வளர்ந்தபின் ராஜ் செட்டி, நதானியேல் ஹென்ட்ரன், லாரன்ஸ் காட்ஸ் மூவரும் கணக்கெடுத்து 2016இல் வெளியிட்டார்கள்: பதின்மூன்று வயதுக்குள் இடம்மாறியவர்கள் இருபதுகளின் நடுவில் மற்றவர்களைவிட 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். வளரும் இடம் வாழ்க்கையை மாற்றுகிறது என்பதற்கு இதைவிட வலிமையான சான்று வேண்டியதில்லை. இதை அறிந்த பிறகு, இடம் முக்கியமில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? எனினும் அந்தக் குழந்தைகளின் தேர்வு மதிப்பெண்கள் அதனால் உயரவில்லை என்று அதற்கு முன்பே கண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த நன்மை, பயமும் வறுமையும் குவிந்த சூழலை விட்டு வெளியேறியதன் நன்மை. ரேட்டிங் ஏழு உள்ள அமைதியான ஊரிலிருந்து பத்து உள்ள ஊருக்குப் போக ஓர் எஞ்சினியர் தம்பதி கொடுக்கும் ஒரு லட்சம் டாலருக்கு இந்த ஆராய்ச்சியைச் சாட்சிக்கு அழைப்பது பொருந்தாது.

பத்து வாங்கிய ஊரிலும் துன்பம் இல்லாமலில்லை. மிக உயர்ந்த தேர்ச்சி காட்டும் பள்ளிகளின் மாணவர்களிடையே மனச்சோர்வும் பதற்றமும் மிகுந்திருப்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் சுனியா லூதர். 2019இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகங்களின் அறிக்கை ஒன்று, வறுமையில் வளரும் பிள்ளைகள் முதலியவர்களோடு இத்தகைய பள்ளிப் பிள்ளைகளையும் ஆபத்துக்குள்ளாகும் பிரிவினராகக் கூறியது. அங்கே படிக்கும் ஒவ்வொரு குழந்தையும் அப்படி ஆகும் என்பதில்லை. தொட்டிலில் கிடக்கும் குழந்தை எத்தகைய சுபாவமுள்ளது, போட்டியில் மலருமா வாடுமா என்பது பெற்றவர்களுக்கே இன்னும் தெரியாது என்பதைத்தான் நான் நினைவூட்ட விரும்புகிறேன்.

பேச்சு வரத் தாமதமாகும் குழந்தை, ஆட்டிசம் உள்ள குழந்தை விஷயத்தில் இது இன்னும் உண்மை. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் அதன் பிற்காலத் திருத்தங்களின்படியும், இத்தகைய குழந்தைகளுக்கு மூன்று வயது தொடங்கித் தகுந்த கல்வியை இலவசமாக வழங்கப் பள்ளி மாவட்டங்கள் கடமைப்பட்டிருக்கின்றன. ஆனால் அதை மனமுவந்து செய்யும் மாவட்டமும் உண்டு, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பெற்றோரைப் போராடவைக்கும் மாவட்டமும் உண்டு, இந்த வேறுபாடு ரேட்டிங்கில் தெரியவே தெரியாது. அந்தத் தேவை உள்ள குடும்பத்துக்கு மட்டும் சரியான மாவட்டம் எவ்வளவு விலை கொடுத்தாலும் தகும். அந்தத் தேவையை இரண்டு மூன்று வயதுக்குமுன் பெரும்பாலும் உறுதியாக அறிய முடிவதில்லை என்பதே, அவசரப்படாமல் இருப்பதற்குப் போதுமான காரணம்.

ஆகவே, குழந்தை பள்ளி வயதை அடையும்வரை, இருவரின் வேலைக்கும் வசதியான, பாதுகாப்பான இடத்தில் வாடகைக்கோ சிறிய வீட்டிலோ இருந்து, முன்பணத்தைச் சேர்த்துக்கொள்வதே பெரும்பாலானவர்களுக்கு உகந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. வாங்கும் காலம் வரும்போது ஒற்றை எண்ணை விட்டுவிட்டு மாணவர் வளர்ச்சி விவரத்தைப் பார்க்கலாம். ஆசிரியர்கள் எத்தனை ஆண்டு அங்கே நிலைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கக்கூடிய பள்ளி நிர்வாகக் குழுவின் கூட்டத்துக்கு ஒருமுறை போய், எல்லைத் திருத்தமும் புதுக் கட்டடமும் பேசப்படுகின்றனவா என்று அறியலாம். வீட்டுத் தரகரிடம் இவற்றைக் கேட்டுப் பயனில்லை; வீடு விற்பதில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் 1968ஆம் ஆண்டு வீட்டு நியாயச் சட்டத்துக்கு அஞ்சி, பள்ளியின் தரத்தைப்பற்றி வாய்திறக்க அவர்கள் தயங்குவார்கள்.

காத்திருப்பதற்கு வாடகை வீடு வேண்டும். அது நல்ல பள்ளி உள்ள ஊர்களில் அரிது என்பதுதான் இதில் பெரிய தடை. ராத்வெல்லின் அறிக்கையே, அதிக மதிப்பெண் பள்ளிகளைச் சுற்றி வாடகை வீடுகளின் பங்கு ஏறத்தாழ 30 சதவீதப் புள்ளிகள் குறைவு என்று கூறியது. பெரிய மனையில் ஒற்றை வீடு மட்டுமே கட்டலாம் என்று ஊர்கள் விதித்துக்கொண்ட விதிகளே அதற்கு முக்கிய காரணம். மாசசூசெட்ஸ் மாநிலம் 2021இல் கொண்டுவந்த சட்டம், பாஸ்டன் ரயில் போக்குவரத்துக்கு உட்பட்ட 177 ஊர்கள், பல குடும்பங்கள் வாழும் கட்டடங்களுக்குத் தத்தம் எல்லைக்குள் இடம் ஒதுக்கவேண்டும் என்று கட்டளையிட்டது. மில்டன் என்ற ஊர் 2024 பிப்ரவரியில் வாக்கெடுப்பு நடத்தி, அதற்காக வகுத்திருந்த திட்டத்தை நிராகரித்தது. 2025 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம், சட்டம் செல்லுமென்றும் ஊர்கள் அதற்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டுமென்றும் தீர்ப்புக் கூறியது. அந்த ஊர்களில் அடுக்குமாடிகள் எழுந்து இரண்டு படுக்கையறை வீடுகள் வாடகைக்கு வரத் தொடங்கினால், முப்பது வயதுத் தம்பதி முப்பது வருஷக் கடன் வாங்காமலே அங்கு ஓர் ஆண்டு குடியிருந்து, பள்ளியைத் தாமே பார்த்து, பிடித்தால் தங்கலாம், பிடிக்காவிட்டால் போகலாம்.